சுட்ட எண்ணெய் யாருக்குச் சொந்தம்?

2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் காட்சி தந்த 48 நாட்களில் காஞ்சிபுரத்துக்கு ஒரு கோடிப் பேர் வந்துபோனதாகச் சொன்னார்கள். வந்தவர்களுக்குப் பசித்தது. சின்ன காஞ்சிபுரத்துச் சந்துகளிலெல்லாம் அடுப்பு முளைத்தது. பூரி, வடை, பஜ்ஜி, போண்டா என்று கடாய் இறங்கவே இல்லை. அந்த நாட்களுக்கு நடுவேதான், ஆகஸ்ட் 10 அன்று, இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களும் சமைத்து மிஞ்சிய எண்ணெயில் செய்த பயோடீசலை 100 நகரங்களில் வாங்கிக்கொள்ளும் திட்டத்தை டெல்லியில் அறிவித்தன. முதல் ஆண்டில் லிட்டருக்கு 51 ரூபாய், அடுத்த ஆண்டில் 52 ரூபாய் 70 காசு, மூன்றாம் ஆண்டில் 54 ரூபாய் 50 காசு என்று விலையும் சொன்னார்கள். வரதராஜர் சன்னதித் தெருவில் அடுப்பு மூட்டியிருந்தவருக்கு இந்தச் சேதி எட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அவர் கடாயில் கறுத்துக் கிடந்த எண்ணெயை அந்த 51 ரூபாயிடம் கொண்டுசேர்க்கும் வழி எதுவும் அவரை நினைத்து எழுதப்படவில்லை.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. இதற்கிடையே இன்னொருவர் வருகிறார். ஹோட்டல்களில் மிஞ்சும் சுட்ட எண்ணெயைக் கேனில் வாங்கிப்போய், வடிகட்டி, வீட்டிலேயே எரிபொருளாக்கித் தன் ஜெனரேட்டருக்கோ லோடு ஆட்டோவுக்கோ ஊற்றிக்கொள்ள நினைப்பவர். விசைத்தறிக் கூடமும் கல்யாண மண்டபமும் நிறைந்த ஊரில் இந்த ஆசை வருவது இயல்பு. செய்யலாமா, கூடாதா என்று தெரிந்துகொள்ள அவர் உணவுச் சட்டம், எரிபொருள் ஆணை, மதுவிலக்குச் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம், மாசுத் தடுப்புச் சட்டம் என்று ஐந்து வாசல் ஏறி இறங்க வேண்டும். எந்த வாசலிலும் இந்த ஆளை எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் மொத்தப் பிரச்சினையும்.

முதல் வாசல் உணவுச் சட்டம். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து துருவச் சேர்மங்கள் எனப்படும் கழிவுகள் அதில் பெருகும். இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் இனிச் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, அந்த எண்ணெயை உணவிலிருந்து விலக்கி எரிபொருளுக்குத் திருப்பும் 'ரூக்கோ' திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தொடங்கியது. 2019 மார்ச் 1 முதல் இன்னொரு கட்டளையும் சேர்ந்தது: நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் செலவழிப்பவர்கள், எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு மிஞ்சியது, யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும், மிஞ்சியதை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு முகமைக்கே கொடுக்க வேண்டும்.

50 லிட்டர் என்ற இந்தக் கோட்டைக் காஞ்சிபுரம் மாவட்டத்து வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை கேன்டீன்கள் கோட்டுக்கு மேலே வரும். மூன்று ஷிப்டுக்கும் ஆயிரக்கணக்கானோர் சாப்பிடும் இடங்கள் அவை. ஸ்டோர்ஸ், பில், ஆடிட் எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் பதிவேடு எழுதுவது அவர்களுக்குச் சிரமமே இல்லை. சேகரிப்பு முகமையின் வண்டிக்கும் ஒரே இடத்தில் டின் டின்னாகக் கிடைக்கும். காந்தி ரோட்டில் பட்டுச்சேலை வாங்க வரும் கூட்டத்தை நம்பியிருக்கும் பெரிய ஹோட்டல்கள் சிலவும் மேலே வரலாம். பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகள், ரங்கசாமி குளம், மூங்கில் மண்டபம் பக்கத்துத் தள்ளுவண்டிகள், பிள்ளையார்பாளையத்துத் தெருமுனை பஜ்ஜிக்கடைகள் எல்லாம் கோட்டுக்குக் கீழே. 25 சதவீத விதி இவர்களுக்கும் பொருந்தும். ஆனால் மிஞ்சியதை என்ன செய்தாய் என்று கேட்கும் கட்டளை பொருந்தாது. என் கணிப்பில் எண்ணெய் அதிகமாகக் கறுப்பது இந்தச் சின்னக் கடாய்களில்தான். லாபம் மெல்லியது; பழையதன் மேலேயே புதியதை ஊற்றிக்கொண்டு போவது பழக்கம். நாட்டில் ஆண்டுக்கு 2,700 கோடி லிட்டர் சமையல் எண்ணெய் செலவாவதாகவும், அதில் 140 கோடி லிட்டரைத் திரும்பச் சேகரித்தால் 110 கோடி லிட்டர் பயோடீசல் கிடைக்கும் என்றும் மத்திய அரசு கணக்குச் சொன்னது. அந்த 140 கோடியும் ஹோட்டல், உணவகம், கேன்டீன் போன்ற பெருநுகர்வோரை நினைத்துச் சொன்னதே.

இத்தனைக்கும் எண்ணெய்க்குக் கணக்கு எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஒரு நந்தா விளக்கு எரிய 90 ஆடு, 96 ஆடு என்று கொடுத்து, அதற்கு ஈடாக நாள்தோறும் இன்ன அளவு நெய் அளக்க வேண்டும் என்று சோழர் காலத்தில் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். அளப்பவர் யார், பெறுபவர் யார் என்பதில் அந்தக் கல்வெட்டுகளுக்குக் குழப்பம் இல்லை.

கோட்டுக்குக் கீழே மிஞ்சுவது எங்கே போகிறது? கொஞ்சம் மறுபடியும் கடாய்க்கே போகிறது. பெரிய கடை கழித்த எண்ணெயைச் சின்னக் கடை மலிவு விலைக்கு வாங்குவது நாடெங்கும் உள்ள பழக்கம். ரூக்கோ உடைக்க நினைத்தது முதலில் இந்தச் சங்கிலியைத்தான். கொஞ்சம் சோப்புக்குப் போகிறது. கோயில் வாசல்களில் 'விளக்கேற்ற மட்டும்' என்று அச்சிட்டு விற்கும் மலிவான தீப எண்ணெய் எதிலிருந்து வருகிறது என்று கேட்கும் அதிகாரம் உணவுச் சட்டத்துக்கு இல்லை, ஏனென்றால் அது உணவே அல்ல. கோயில் நகரத்தில் இந்த ஓட்டை சின்னதில்லை. மீதி சாக்கடையில் இறங்குகிறது. காஞ்சிபுரத்தில் சாக்கடை என்றால் மஞ்சள் நீர் கால்வாய், அதன் முடிவில் நத்தப்பேட்டை ஏரி. மாசுபடுத்தும் பொருளை நீர்நிலையிலோ கழிவுநீர்க் குழாயிலோ நிலத்திலோ விடுவதை 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தடுக்கிறது. சாயப்பட்டறை நீரையே நிறுத்தத் திணறும் ஊரில் பஜ்ஜிக்கடை எண்ணெயை யார் பார்க்கப் போகிறார்கள்?

சரி, கேனோடு வந்தவருக்குத் திரும்புவோம். அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த எண்ணெய் யாருக்குச் சொந்தம் என்பது. ஹோட்டலின் பின்பக்கம் டின்னில் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக அது கேட்பாரற்ற பொருள் ஆகிவிடாது. உரிமையாளர் சம்மதமில்லாமல் எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவுப்படி அது திருட்டு. கல்யாண வீட்டில் விஷயம் இன்னும் சிக்கல். மளிகை லிஸ்ட்டுக்குப் பணம் கொடுத்தது பெண் வீட்டார். கடாயைக் காய வைத்தது சமையல்காரர். பந்தி முடிந்து பார்த்தால் மிஞ்சிய எண்ணெயைச் சமையல்காரர் எடுத்துப்போவது சில இடங்களில் வழக்கம்; சில வீடுகளில் அதையும் தூக்குவாளியில் அள்ளிக்கொண்டு போய் ஒரு மாதம் பொரிக்கிறார்கள். எழுதி வைக்காத ஒப்பந்தம் இது. மண்டபங்களில் எண்ணெய் சேகரிக்க நினைப்பவர் யாரிடம் வாங்கினோம் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டாவது வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, இது அபாயகரமான கழிவா? பலரும் அப்படித்தான் பயப்படுகிறார்கள். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பழைய எண்ணெய்க்கு விளக்கம் இருக்கிறது. அது கச்சா எண்ணெயிலிருந்து வந்ததையும் செயற்கை எண்ணெய் கலந்ததையும் பற்றியது. மெக்கானிக் கடையில் வடிக்கும் இன்ஜின் ஆயில் அதில் வரும். கடலை எண்ணெயும் பாமாயிலும் வராது. ஆக, கேனில் சுட்ட எண்ணெய் கொண்டுபோகிறவர் அபாயகரக் கழிவு கடத்துபவர் அல்லர். ஆனால் 50 லிட்டர் கோட்டுக்கு மேலுள்ள ஹோட்டல் அவருக்குக் கொடுத்தால், ஹோட்டல்தான் மாட்டிக்கொள்ளும். அங்கீகாரம் இல்லாதவரிடம் கொடுத்ததாகப் பதிவேட்டில் எப்படி எழுதுவது? எழுதாமல் கொடுத்தால் அந்த எண்ணெய் மறுபடி எந்தக் கடாயில் விழுந்தது என்று கேட்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு என்ன பதில் சொல்வது? விவரம் தெரிந்த மேனேஜர்கள் இப்போது தெரிந்தவர் கேட்டாலும் கையை விரிப்பதற்குக் காரணம் இதுதான்.

எண்ணெய் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை டீசலாக்குவது ரசாயன வேலை. எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால் மேலே பயோடீசலும் கீழே கிளிசரினும் பிரியும். 100 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 20 லிட்டர் மெத்தனால் வேண்டும். மற்ற நாடுகளில் வீட்டுப் பயோடீசல்காரர்கள் இதைப் பக்கத்துக் கடையில் வாங்கும் சரக்குபோலப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் என்ற சொல்லைக் கேட்டாலே ஊர் நடுங்கும். நடுங்க நியாயம் உண்டு. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் சித்தாமூர் பக்கத்திலும் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். தொழிற்சாலைக்கு உரிய மெத்தனால் திசைமாறிப் போனதே காரணம் என்றது காவல்துறை. சித்தாமூர் 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த இடம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த மாதமே சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலி வாங்கும் சாராயத்துக்கு ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தது.

இந்தப் பின்னணியில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் எரிசாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றுக்கான 1959-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் உரிமம் தேவை. அவை 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள். வார்னிஷும் ரசாயனமும் செய்யும் தொழிற்கூடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கொல்லைப்புறத்தில் நாற்பது லிட்டர் எண்ணெய் காய்ச்சுகிறவரை அல்ல. உரிமமில்லாமல் ஒரு கேன் மெத்தனாலோடு பிடிபட்டவர் 'டீசல் செய்யத்தான் வைத்திருந்தேன்' என்று சொன்னால் நம்புவதற்கு எந்த இன்ஸ்பெக்டருக்கும் இன்று காரணம் இல்லை. இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெத்தனாலின் ஆவி சுமார் 11 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். காஞ்சிபுரத்தில் மார்கழி விடியலும் அதைவிட வெதுவெதுப்பு. சுவரோடு சுவர் ஒட்டிய நெசவாளர் வீடுகளில், முன்னறையில் பாவு விரித்திருக்க, பின்கட்டில் இதைச் சூடாக்குவதை எந்தச் சட்டமும் அனுமதிக்கக் கூடாது. அடியில் தங்கும் கிளிசரினிலும் மெத்தனால் கலந்திருக்கும். அதைக் கொட்டுவதற்கு மறுபடியும் மஞ்சள் நீர் கால்வாய்தான்.

மெத்தனாலே வேண்டாம், எண்ணெயை நன்றாக வடிகட்டி அப்படியே ஊற்றலாமே என்பார்கள். வரலாறு அவர்கள் பக்கம். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. (ஆகஸ்ட் 10-ஐ உலக உயிரி எரிபொருள் நாளாகக் கொண்டாடுபவர்கள் 1893-இல் அதே தேதியில் இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் அதைக் கடலை எண்ணெயில் ஓட்டியதாகச் சொல்வது வழக்கம். அன்று ஆக்ஸ்பர்க்கில் அவருடைய மாதிரி இயந்திரத்துக்குள் முதன்முதலாக எரிபொருள் தீப்பற்றியது, அவ்வளவுதான். கடலை எண்ணெய் ஏழு ஆண்டுகள் கழித்து வந்தது.) ஆனால் அந்தக் காலத்து முரட்டு இன்ஜின் வேறு, இன்றைய காமன் ரெயில் இன்ஜின் வேறு. கெட்டியான எண்ணெய் இன்ஜெக்டரை அடைக்கும். சூடாக்கி ஊற்றத் தனி டேங்க், தனிக் குழாய் பொருத்த வேண்டும். வாகனத்தில் அப்படிப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் வரும் மாற்றம். ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இதைத்தான். தரையில் நிற்கும் பழைய பம்புசெட் இன்ஜினுக்கோ ஜெனரேட்டருக்கோ இந்தப் பிரிவு கிடையாது. வீட்டு எரிபொருள்காரருக்குச் சட்டத்தில் மிஞ்சும் கொஞ்ச இடம் அங்கேதான் இருக்கிறது.

விற்க ஆரம்பித்தால் அந்த இடமும் போய்விடும். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த 2005-ஆம் ஆண்டு ஆணை, டீசலில் அனுமதியின்றி வேறு பொருள் கலப்பதை முறைகேடு என்கிறது. 2017-இல் அந்த ஆணையைத் திருத்திப் பயோடீசலைக் கலப்புக்காக நேரடியாக விற்க வழி செய்தார்கள். 2019 ஏப்ரலில் அதற்கான வழிகாட்டு நெறிகள் வந்தன. சரக்கு ஐஎஸ் 15607 தரத்தில் இருக்க வேண்டும்; சில்லறை விற்பனைக்கு மாநில அரசின் அனுமதி வேண்டும்; டீசலில் கலப்பதற்கே விற்க வேண்டும், தனி எரிபொருளாக அல்ல. இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிர நெடுஞ்சாலைகளில் கிடைக்கிறது. அங்கே பயோடீசல் என்ற போர்டின் கீழ் எதையெதையோ லாரிகளுக்கு ஊற்றிய பங்க்குகள் பெருகி, சோதனைகள் நடந்து, சீல் வைக்கப்பட்டன. வரியும் அதே திசையில்தான்: 2021 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பயோடீசலுக்கு வரியை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தபோது, கலப்புக்காக எண்ணெய் நிறுவனங்களுக்கு விற்றால் மட்டுமே என்றது. இந்த விதிகள் எல்லாம் விற்பனையைப் பற்றியே பேசுகின்றன. தன் வீட்டு ஜெனரேட்டருக்குத் தானே செய்துகொள்கிறவரைத் தடுக்கும் வாசகமும் இல்லை, அனுமதிக்கும் வாசகமும் இல்லை.

வெளிநாடுகள் இந்த ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றன. பிரிட்டனில் 2007 ஜூன் 30 முதல் ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குள் செய்பவர் எரிபொருள் வரி கட்ட வேண்டாம், பதிவும் வேண்டாம். ஆனால் எண்ணெயைக் கடைகளில் எடுத்துவரக் கழிவு ஏற்றிச்செல்பவராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்; அதாவது காய்ச்சுவதைவிடத் தூக்கிவருவதைத்தான் அங்கே கவனிக்கிறார்கள். கலிபோர்னியாவில் சமையலறைக் கொழுப்பை ஏற்றும் வண்டிக்கு மாநில வேளாண்மைத் துறையின் பதிவு வேண்டும். வட கரோலினாவில் உணவகங்களின் பின்பக்கத் தொட்டிகளிலிருந்து பழைய எண்ணெய் களவுபோவது பெருகியதால் 2012-இல் அதற்கென்றே தண்டனைச் சட்டம் எழுதினார்கள். சீனாவில் கதை தலைகீழ்: சாக்கடையில் அள்ளிச் சுத்தம் செய்த எண்ணெய் மறுபடி சமையலுக்கு வந்து, 2011-இல் பெரிய அளவில் கைதுகள் நடந்தன. நமக்கு வட கரோலினாவைவிடச் சீனாதான் பக்கத்தில் இருக்கிறது. இங்கே களவுபோகும் எண்ணெயைவிடத் தட்டுக்குத் திரும்பும் எண்ணெயே பெரிய கவலை.

ஆகவே பிரிட்டனின் 2,500 லிட்டர் சலுகையை அப்படியே இங்கே நட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மெத்தனால் வேலை உரிமம் பெற்ற ஆலையிலேயே நடக்கட்டும். மாற வேண்டியது சேகரிப்பு. பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளருக்குப் பட்டையும் சரிகையையும் எடைபோட்டுக் கொடுத்து, சேலையாகத் திரும்பும்போது எடைபோட்டு வாங்குகின்றன. குறைந்தால் கேள்வி வரும். எண்ணெய் மண்டியும் அப்படிச் செய்யலாம். சின்னக் கடைக்காரர் புது டின் எடுக்க வரும்போது பழையதைக் கொண்டுவந்தால் விலையில் கழிவு, கொண்டுவராவிட்டால் கழிவு இல்லை. 50 லிட்டர் கோட்டைக் கீழே இறக்கி வழக்குப் போடுவதைவிட இது வேலை செய்யும், ஏனென்றால் அந்தக் கடைக்காரர் மண்டிக்கு எப்படியும் வந்துதான் ஆக வேண்டும். 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிபுரம், மண்டிகளைச் சேகரிப்பு மையங்களாக அறிவித்து, அங்கீகாரம் பெற்ற ஒரு முகமையோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் போதும். கேனோடு அலைகிறவருக்கும் அதில் வேலை உண்டு: தெருத்தெருவாகப் போய் மண்டிக்குச் சேர்ப்பவர் என்ற பதிவும், கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலியும்.

இதைச் செய்ய அதிக நாள் இல்லை என்றே தோன்றுகிறது. 2025 ஆகஸ்டில் இந்தியன் ஆயிலின் பானிபட் சுத்திகரிப்பு ஆலை, பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் செய்யச் சர்வதேசச் சான்று பெற்றது. ஆண்டுக்கு 35,000 டன் திட்டம். சர்வதேச விமானங்களில் 2027-இல் 1 சதவீதம், 2028-இல் 2 சதவீதம், 2030-இல் 5 சதவீதம் என்று கலப்பு இலக்கும் வைத்திருக்கிறார்கள். விமானத்துக்குப் போகும் எண்ணெய்க்கு எந்தக் கடையில் எடுத்தது என்பதுவரை ஆவணம் கேட்பார்கள். ஆவணம் உள்ள எண்ணெய்க்கு ஒரு விலை, இல்லாததற்கு வேறு விலை என்று சந்தை பிரியும். ஒரகடம் கேன்டீன் எண்ணெய் முதல் வரிசையில் போய் நின்றுகொள்ளும். மூங்கில் மண்டபம் பஜ்ஜிக்கடை எண்ணெய்க்கு அந்த ஆவணத்தை எழுதித் தரும் கை மண்டியில் இல்லாவிட்டால், அதை எப்போதும்போல இன்னொரு பஜ்ஜிக்கடைதான் வாங்கும்.